கன்று கழிந்தால் சினை ஊசியைத் திட்டாதீர்கள்

கேள்வி: ஐயா, வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் மூன்று ஜெர்சி கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறேன். போன ஈத்தில் இரண்டு கன்றுகள் இருபது நாள் தாண்டாமல் கழிச்சலில் போய்விட்டன. இப்போது ஒரு கிடேரிக் கன்றுக்கு 12 நாள். தண்ணீராகக் கழிகிறது, பால் மட்டும் குடிக்கிறது. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரையும், ‘குடல் நுண்ணுயிரை ஏற்றி ஜீனையே மாற்றி எதிர்ப்புச் சக்தி தரும்’ என்று ஒரு பவுடரும் கொடுத்தார்கள். கொடுக்கலாமா? அல்லது சினை ஊசிக்கு விந்து எடுத்த காளையின் ரத்தமே சரியில்லையா? அடுத்த பசு ஏழு மாதச் சினை, இன்னும் வேளைக்கு ஒரு லிட்டர் கறக்கிறது.

பதில்: முதலில் இன்றைய வேலை. பாலை நிறுத்தாதீர்கள். கன்றைக் கொல்வது கழிச்சல் அல்ல, உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போவது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வேளைக்கு ஒரு லிட்டராக நாளைக்கு மூன்று வேளை கொடுங்கள். பால் குடித்து இரண்டு மணி நேரம் போகட்டும். பாலோடு கலந்தால் நான்காம் வயிற்றில் பால் சரியாக உறையாது, கழிச்சல் கூடும். கண் குழி விழுந்தாலோ, கிள்ளிய கழுத்துத் தோல் உடனே படியாவிட்டாலோ, காய்ச்சல் 103 டிகிரி தாண்டினாலோ, சாணத்தில் ரத்தம் வந்தாலோ, கன்று எழ மறுத்தாலோ கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் போடுங்கள். அது நரம்பில் சலைன் ஏற்ற வேண்டிய கட்டம். பத்தாம் நாள் குடற்புழு மருந்து கொடுக்கவில்லை என்றால், எடைக்கேற்ற அளவை டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள்; உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே வரும்.

மாத்திரை வேண்டாம். இந்த வயதுக் கழிச்சலுக்குப் பெரும்பாலும் ரோட்டா வைரஸோ, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியோ காரணம். கடை மாத்திரை இரண்டையும் தொடாது. அது அழிப்பதெல்லாம் இப்போதுதான் குடலில் குடியேறத் தொடங்கியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களை. காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அதைக் கன்றைப் பார்த்த டாக்டர் சொல்லட்டும், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அல்ல.

பவுடர்காரர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் காசுக்கு விற்கிறார். ஜீன் மாறுவதில்லை, எந்த ஜீன் வேலை செய்வது, எது சும்மா கிடப்பது என்பதுதான் மாறுகிறது. செல்லுக்குள் டி.என்.ஏ., ஹிஸ்டோன் என்ற புரதத்தின்மேல் நூல் கண்டு போலச் சுற்றிக் கிடக்கிறது. இறுகச் சுற்றிய இடத்து ஜீன் வேலை செய்யாது. மாவுச்சத்தையும் நாரையும் புளிக்கவைத்து பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலம், அந்தச் சுற்றை இறுக்கும் நொதியைத் தடுக்கிறது. சுற்று தளர்ந்ததும் ஜீன் வேலை தொடங்குகிறது. பெருங்குடலில் எதிர்ப்பை அளவோடு வைக்கும் டி-செல்கள் என்ற வெள்ளணுக்கள் பியூட்டிரேட்டால் பெருகுவதை 2013-ல் எலிகளில் காட்டினார்கள். கன்றுக்கு இன்னொரு லாபமும் உண்டு: முதல் வயிற்றின் உள்சுவரில் விரல் போன்ற காம்புகளை வளர்ப்பதும் முக்கியமாக இந்தப் பியூட்டிரேட்தான்.

ஆக வேண்டியது பியூட்டிரேட். அதைச் செய்கிற பாக்டீரியாவுக்கு வேண்டியது தீனி. தீனி போடாமல் பாக்டீரியாவை மட்டும் பொட்டலத்திலிருந்து கொடுத்தால் சில நாளில் சாணத்தோடு போய்விடும். அதுவும் லாக்டோபேசில்லஸ் வகைகள் வேலூர் சித்திரை வெயிலில், தகரக் கூரைக் கடையில் மாதக்கணக்கில் கிடந்தால் உயிரோடு இருப்பது சந்தேகமே. வித்து விடும் பேசில்லஸ் வகைகள் சூடு தாங்கும். உங்கள் பொட்டலத்தில் எது இருக்கிறது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் வராது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: கன்று பிறந்து எத்தனை மணி நேரத்தில் முதல் சீம்பாலைக் குடித்தது? மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள் கர்ப்பத்திலேயே கிடைக்கும், கன்றுக்குக் கிடைப்பதில்லை. சீம்பாலில்தான் வரும். குடல் அதை முழுதாக உறிஞ்சும் வாசல், பிறந்த சில மணி நேரத்திலேயே குறுகத் தொடங்கி 24 மணி நேரத்தில் மூடிவிடும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது நம் பக்கத்தில் கன்றுகளைக் கொல்லும் பழக்கம். இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டுங்கள். 25 கிலோ கன்றுக்கு 12 மணி நேரத்துக்குள் மொத்தம் இரண்டரை லிட்டர். காய்ச்ச வேண்டாம். மிஞ்சியதில் வெல்லம் போட்டு வீட்டார் தின்னலாம், மிஞ்சினால். பொய்கை சந்தையில் கைக்கன்றோடு மாடு வாங்கினால் இதைக் கேட்டு வாங்க வழியே இல்லை.

இந்தக் கன்றுக்கு அந்த வாசல் மூடிவிட்டது. மிச்சமிருப்பது தீவனம். கழிச்சல் நின்றதும் 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 50, கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 17, தாது உப்பு 2, சாதா உப்பு 1 என்று கலந்து, பால் குடித்ததும் ஒரு சிட்டிகை வாயில் தடவிப் பழக்குங்கள். அடுத்த கன்றுக்கு ஐந்தாம் நாளே தொடங்கலாம். யூரியா கலந்த மாட்டுத் தீவனம் கூடாது. தண்ணீரும் தனியாக வையுங்கள்: பால் முதல் வயிற்றைத் தாண்டி நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடும், பாக்டீரியா வளர்வதற்கான ஈரம் குடிக்கும் தண்ணீரில்தான் வரும். வைக்கோலை மட்டும் தின்றால் வயிறு பானையாகும், உள்சுவர்க் காம்பு வளராது. தொடர்ந்து மூன்று நாள், நாளைக்கு 700 கிராம் வீதம் தீவனம் தின்ற பிறகே பாலைக் குறைத்து நிறுத்துங்கள்.

புண்ணாக்கில் கவனம். மழையில் நனைந்த கடலையில் பச்சைப் பூஞ்சணம் வந்தால் அஃப்ளாடாக்சின் இருக்கும். அது எதிர்ப்புச் சக்தியை நேரடியாக அடக்கும் விஷம். வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள்.

காளையின் ரத்தத்தைக் குறை சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை. ஊசியை மாற்ற வேண்டாம். ஆனால் ஏழு மாதச் சினைப் பசுவை இன்றே கறப்பதை நிறுத்தி வற்றவிடுங்கள். சீம்பாலில் எதிர்ப்பொருள் சேருவது கடைசி மூன்று நான்கு வாரங்களில். ஈனும்வரை கறந்தால் கன்றுக்குக் கிடைக்கும் நல்ல சீம்பால் குறைந்துபோகும்.