டக்ட் (காத்துக் குழாய்) மூட்டுக்கு ஸ்க்ரூவா டேப்பா? வாசகர் கேள்விகளும் பதிலும்

வெள்ளவத்தை வாசகர்: பாத்ரூம் எக்ஸோஸ்ட் ஃபேனுக்கு 4 இஞ்சி தகரக் குழாய் போட்டிருக்கு, மூட்டுக்குச் சுத்தின டக்ட் டேப் கழண்டு தொங்குது, இன்னும் தடிப்பா சுத்தவா?

வேண்டாம். டேப் காத்தை அடைக்கிறதுக்கு மட்டுந்தான், குழாயைப் பிடிக்கிறது ஸ்க்ரூ, இதை எங்கட பாஸ்மார் கனபேர் கணக்கெடுக்கிறதே இல்ல. நெளிச்ச முனை, அதாவது விளிம்பை அலை மாதிரி மடிச்சு ஒடுக்கின பக்கம், மற்றக் குழாய்க்குள்ள ஆகக் குறைஞ்சது 1 இஞ்சி போகோணும், சுத்திவர சம இடைவெளியில 3 ஷீட் மெட்டல் ஸ்க்ரூ இறுக்கோணும், அதுக்குப் பிறகுதான் டேப். அதுவும் துணி டேப் வேண்டாம், 1998ல அமெரிக்காவில லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில டக்ட் மூட்டை அடைக்கிற டேப், பசைகளைச் சூடாக்கிக் குளிராக்கிப் பாத்தப்போ ஆக மோசமா விட்டது அதுதான். அலுமினிய ஃபொயில் டேப் கேட்டு வாங்குங்க. புதுத் தகரத்தில விரலை வச்சுப் பாருங்க, மெல்லிசா எண்ணெய்ப் பசை தெரியும், அதைத் துடைச்சுக் காயவிடாம ஒட்டினா எந்த டேப்பும் நிக்காது. பின்பேப்பரைக் கொஞ்சங் கொஞ்சமா உரிச்சு ஒட்டிக்கொண்டே வந்து, பழைய பிளாஸ்டிக் கார்ட் ஒண்டால சுருக்கமில்லாம அழுத்தித் தேய்ச்சுவிடுங்க.

எந்த முனை உள்ளுக்குப் போறது?

நெளிச்ச முனை காத்து போற பக்கத்தைப் பாத்து இருக்கோணும். அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை வாசகர்: ஏசி டக்ட் மூட்டில தண்ணி சொட்டுது, மேலால சிலிக்கன் பூசினா நிக்குமா?

நிக்காது. கொழும்புக் காத்தில ஈரப்பதன் எவ்வளவு எண்டு தெரியுந்தானே, குளிர்ந்த தகரத்தில வெளிக்காத்து பட்டா வேர்க்கும். மூட்டைச் சுத்தி இன்சுலேஷனைக் கழட்டி, ஸ்க்ரூ இருக்கா எண்டு பாத்து, டக்ட் மாஸ்டிக்கை (மூட்டை அடைக்கிற தடிப்பான பசை) பிரஷால தாராளமா பூசுங்க, ஸ்க்ரூத் தலையும் சேத்து மூடோணும். 6 மில்லிமீற்றருக்கு மேல இடைவெளி இருந்தா ஃபைபர் மெஷ் டேப் (வலை மாதிரி இருக்கிற டேப்) வச்சு அதுக்கு மேல பூசுங்க. நல்லாக் காய்ஞ்ச பிறகு இன்சுலேஷனைச் சுத்தி, வெளி ஃபொயிலையும் இடைவெளி இல்லாம ஒட்டுங்க, ஒரு இடம் திறந்திருந்தாலும் அதுக்குள்ளால ஈரம் போய்த் திரும்பச் சொட்டும்.

சாப்பாட்டுக்கடை குசினிப் புகை டக்ட்டுக்கும் இதே முறையா?

இல்லவே இல்ல. எண்ணெய்ப் புகை போற டக்ட்டை வெல்ட் பண்ணோணும், ஸ்க்ரூ டேப் மூட்டால எண்ணெய் கசியும், நெருப்புப் பிடிச்சா பெரிய ஆபத்து.

தெஹிவளை வாசகர்: உடுப்புக் காயவைக்கிற ட்ரையர் குழாய்க்கு?

உள்ளுக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல ஸ்க்ரூ நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது, நூல்பஞ்சு அதில மாட்டிச் சேந்து அடைக்கும், பஞ்சு சட்டெண்டு பத்தும். மிச்சமா நீட்டுற ஸ்க்ரூவைக் கழட்டிக் கட்டையானதைப் போட்டு, ஃபொயில் டேப்பால மூடிவிடுங்க.