கொத்தமல்லியும் சோப்பும்

அன்புள்ள ஐயா,

சமையல் பைத்தியம் பிடித்த நாங்கள் சிலர் ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு பேசிக்கொள்வோம். பேச்சு முழுக்கச் சாப்பாடுதான். போன வாரம் ஒருத்தி, கொத்தமல்லித்தழை தனக்குச் சோப்பு மாதிரி மணக்கிறது என்றாள். எல்லோரும் கிண்டலடித்துவிட்டோம். அன்றிலிருந்து அவள் வாயே திறப்பதில்லை. இன்னொரு நாள், வெங்காயம் பொன்னிறமாக எவ்வளவு நேரம் ஆகும் என்று ஆரம்பித்த பேச்சு சண்டையில் முடிந்தது. ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது, இதில் என்ன வாக்குவாதம் என்கிறார் என் கணவர். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. மூக்கை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

உங்கள் தோழி பொய் சொல்லவில்லை. கொத்தமல்லித்தழையின் மணத்துக்கு முக்கியக் காரணம் ஆல்டிஹைடு என்ற வகைப் பொருட்கள். சோப்பிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை உண்டு. மணத்தை உணரும் மரபணுக்கள் இருக்கும் ஓர் இடத்தில் உள்ள சிறு வேறுபாட்டுக்கும் இந்தச் சோப்பு வாசத்துக்கும் தொடர்பு இருப்பதாக 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மரபணு மட்டுமே காரணம் இல்லை, பழக்கத்துக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவுக்கே சமைக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று பெயரெடுத்த ஜூலியா சைல்ட், தட்டில் அந்தத் தழையைக் கண்டால் பொறுக்கித் தரையில் போட்டுவிடுவேன் என்று 2002இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். அவரை யாரும் கிண்டலடித்ததாகத் தெரியவில்லை.

‘ருசி அவரவருக்கு’ என்று சொன்னதுமே பேச்சு செத்துவிடுகிறது. அதுதான் எனக்கு அதில் பிடிக்காதது. எந்தச் சோப்பு? வாயில் போட்டதுமேவா, மென்ற பிறகா? அரைத்துக் கொஞ்ச நேரம் வைத்தாலும் வருகிறதா? இப்படி யாராவது ஒருவர் கேட்டிருந்தால் அன்று நீங்கள் யாரும் சீக்கிரம் தூங்கியிருக்க மாட்டீர்கள். கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு: தழையை நசுக்கினால் அதிலுள்ள நொதிகள் அந்த ஆல்டிஹைடுகளைச் சிதைக்கத் தொடங்கிவிடும்.

வெங்காயச் சண்டையிலும் இதே கதைதான். பத்து நிமிஷம் என்றவரிடம் வாணலி எவ்வளவு அகலம், வெங்காயம் எவ்வளவு, தீ எப்படி என்று கேட்டீர்களா? வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வற்றும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டுவது கஷ்டம், அதுவரை நிறமும் லேசில் ஏறாது. சின்ன வாணலியில் குவித்துப் போட்டால் வெங்காயம் வேகும், சிவக்காது. அகலமான வாணலியில் கொஞ்சமாகப் போட்டு, தாராளமாக எண்ணெய் விட்டு, தீயைக் கூட்டினால் பத்து நிமிஷத்தில் ஓரங்கள் சிவந்துவிடும், நடுவில் நறுக்கென்று இருக்கும். குறைந்த தீயில் முக்கால் மணி நேரம் கிளறினால் உள்ளே வரைக்கும் பழுப்பேறி, இனித்து, குழைந்து கிடக்கும். இரண்டும் வேறு வேறு பண்டங்கள். இந்த இரண்டாவதை ஐந்து நிமிஷத்தில் செய்யலாம் என்று கூசாமல் குறிப்பு எழுதுகிறவர்கள்மேல்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

உப்புச் சண்டை இன்னும் வரவில்லையென்றால் சீக்கிரம் வரும். ஒரே குறிப்பு, ஒரே கரண்டி, ஒருவருக்கு மட்டும் கரிக்கும். தூள் உப்பா, சீவல் சீவலான உப்பா என்று விசாரியுங்கள். ஒரே கரண்டியில் முன்னது ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை பிடிக்கும்.

அப்புறம், எல்லாமே அவரவர் விருப்பம் என்றும் விட்டுவிட முடியாது. இறைச்சியை முதலில் பெருந்தீயில் சிவக்க வைத்தால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து. இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறவர்கள் உண்டு. மணமும் நிறமும் வரும், உண்மைதான். சாறு பூட்டிக்கொள்ளாது. அடுத்த தடவை யாராவது இதைச் சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள். ஒரே எடையில் இரண்டு துண்டு எடுத்து, ஒன்றை மட்டும் சிவக்க வைத்துவிட்டு, இரண்டையும் உள்சூடு ஒரே அளவுக்கு வரும்வரை சமைத்து எடை போடச் சொல்லுங்கள். என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.