லூஜ் இரட்டையர் போட்டியில் கீழே படுத்திருக்கும் பெண்ணுக்கு என்ன வேலை?

லூஜ் என்பது பனிக்கட்டிப் பாதையில் மல்லாந்து படுத்து, கால் முன்னே போக, சறுக்குவண்டியில் இறங்கும் பந்தயம். இரட்டையரில் ஒரே வண்டியில் இருவர், ஒருவர் மேல் ஒருவராகப் படுத்திருப்பார்கள். இளையோர் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் 2020-இல் அறிமுகமானது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரம் நடத்திய போட்டி என்றாலும், லூஜ் நடந்தது அதே நாட்டின் செயின்ட் மோரிட்ஸில். அங்குள்ள பாதையில் கான்கிரீட் கிடையாது. பனியையும் தண்ணீரையும் கொண்டு ஒவ்வொரு குளிர்காலமும் புதிதாகக் கட்டுகிறார்கள்.

மேலே இருப்பவருக்குப் பாதை கண்ணுக்குத் தெரியும். கெண்டைக்காலால் வண்டியின் வளைந்த முனைகளை அழுத்தித் திருப்புவது பெரும்பாலும் அவர்தான். கீழே இருப்பவருக்குப் பாதை அநேகமாகக் கண்ணில் படாது. பைக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வளைவில் கூடவே சாய்ந்தால்தானே வண்டி சொன்னபடி கேட்கும்? அதே கதைதான். தோளால் அழுத்தி அவரும் திருப்புவார், அதுவும் அதே நொடியில். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும்போது வாயால் சொல்ல ஏது நேரம்! வளைவுகளின் வரிசை இருவருக்கும் மனப்பாடம்.

புறப்பாடுதான் எனக்குப் பிடித்த கட்டம். மேலிருப்பவர் கைப்பிடிகளைப் பற்றுவார். கீழிருப்பவர் அவரோடு இணைத்த பட்டைகளைப் பிடித்துச் சேர்ந்து இழுப்பார். அப்புறம் முள் வைத்த கையுறையால் பனியைத் துழாவித் தள்ளுவார்கள். நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பதால், இங்கே சொதப்பினால் மீட்பது கஷ்டம்.

ஆக, கீழிருப்பவர் எடைக்காகப் படுக்கவைத்த ஆள் அல்ல. எடைதான் வேண்டுமென்றால், விதிக்குட்பட்டு ஈயம் கட்டிக்கொள்ளலாமே.