ஆட்டுக்கல் போதும், கதை கொண்டு வாருங்கள்

சென்ற இதழில் எங்கள் பகுதி வரலாற்றுக் கழகத்தின் ஓர் அறைக் காட்சிக்கூடத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூடிய ஆரம்பப் பள்ளியில் எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. ‘ஊர் அருங்காட்சியகம்’ என்று நோட்டீஸ் ஒட்டியதுமே சாமான்கள் குவிந்துவிட்டன. எதை வைப்பது, எதை விடுவது?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: என்ன குவிந்திருக்கும் என்று நான் சொல்லட்டுமா? ஆட்டுக்கல், அம்மி, அரிக்கேன் விளக்கு, வால்வு ரேடியோ, பித்தளை அண்டா. ஃப்ளாட்டுக்குக் குடிபோகிறவர்கள் எடைக்குப் போட மனம் வராமல் வைத்திருப்பதெல்லாம் உங்களைத் தேடித்தான் வரும். ஒவ்வொன்றிலும் ஒன்று போதும். மற்றதைத் திருப்பி அனுப்ப ஒரு ஆளை இப்போதே நியமியுங்கள். கொஞ்சம் முகதாட்சண்யம் பார்க்காத ஆளாக இருக்கட்டும்.

அந்த ஒன்று எது? கொடுக்கிறவரால் எதைப் பற்றிப் பேச முடிகிறதோ, அது. எங்களிடம் அரிசி அளக்கும் மரப்படி ஒன்று இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுமில்லை. கொண்டுவந்த அம்மாவின் மாமியார் அரிசிக்கடை வைத்திருந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். படியின் அடிப்பக்கத்தில் கத்தியால் கீறிய கோடுகள் இருக்கின்றன. கடன் வாங்கிப் போனவர்களின் கணக்காம்! அதே வாரம் பூண் போட்ட அழகான படி ஒன்றும் வந்தது. யார் வீட்டுப் படி, எந்த ஊர் என்று கொண்டுவந்தவருக்கே தெரியவில்லை. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஆகவே கண்ணாடி அலமாரி வாங்குவதற்கு முன்னால் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்குங்கள். வரிசை எண், வந்த தேதி, யார் கொடுத்தது, எந்தத் தெரு, யார் பயன்படுத்தியது, கடைசியில் கொடுத்தவரின் கையெழுத்து. நன்கொடையா, இரவலா என்பதையும் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் பத்து வருடம் கழித்து ஒரு பேரன் வந்து “எங்க தாத்தா வீணையைக் கொடுங்க” என்று நிற்பான். எண்ணைப் பருத்தி நாடாவில் எழுதிப் பொருளோடு கட்டுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பசை பிசுபிசுத்து மரத்தையும் கெடுக்கும்.

நோட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். உங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம்தானே? 1863 மே 30 அன்று அங்கே ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைப் பொறுக்கினார். பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி அது. இந்தியத் தொல்வரலாற்று ஆராய்ச்சியே அங்கிருந்துதான் ஆரம்பம் என்பார்கள். புவியியல் ஆய்வுத் துறை அதிகாரியான அவர், தென்னிந்தியா முழுக்கச் சுற்றிச் சேர்த்த கற்கள் எந்த ஊரில் கிடைத்தவை என்று குறித்தும் வைத்தார். 1904-இல் அந்தச் சேகரத்தை எழும்பூர் அருங்காட்சியகம் வாங்கியது. அவர் இறந்தது 1912-இல். விளக்கப் பட்டியல் அச்சானது 1914-இல். ஊர்ப் பெயர் மட்டும் இல்லாமல் போயிருந்தால் அத்தனையும் ரோடு போடக் கொட்டிய ஜல்லிதான்.

கேள்வி: எங்கள் காட்சியறைக்குச் சேவை செய்ய வரும் ஓர் அக்கா, வாரா வாரம் எல்லாப் பித்தளை, செம்புச் சாமான்களையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறார். நல்லதுதானே?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அவர் மனசு நல்லது, புளி நல்லதல்ல. பழைய பாத்திரங்களில் விளிம்பை ஒட்டிப் பெயர் வெட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கொடுத்தவர் பெயர், சில சமயம் கல்யாணத் தேதிகூட இருக்கும். நீங்கள் காட்ட வேண்டியதே அதுதான். தேய்க்கத் தேய்க்க முதலில் போவதும் அதுதான். செப்புக் காசுகளின் கதி இன்னும் மோசம். பச்சைப் படலத்தோடு எழுத்தும் உருவமும் சேர்ந்தே கரைந்துவிடும். எழும்பூரில் இந்த மாதிரி வேலைக்கென்றே 1930-இல் ஒரு வேதியியல் கூடம் தொடங்கினார்கள் என்றால் பாருங்கள். உலர்ந்த பருத்தித் துணி, மெல்லிய தூரிகை, அவ்வளவு போதும். அக்காவிடம் “தேய்க்காதீங்க” என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரம் வரமாட்டார். எல்லாப் பாத்திரத்திலும் வெட்டியிருக்கும் பெயர்களைப் படித்து நோட்டில் ஏற்றும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் ஓலைச்சுவடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. தனித்தனியாகப் பிரித்து லேமினேட் செய்து காட்சியறைக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், மாம்பலம்

பதில்: ஐயா, தயவுசெய்து வேண்டாம். பிரிக்கவும் வேண்டாம், தண்ணீர் தொடவும் வேண்டாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. 1869-இல் தொடங்கியது. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். தூசி தட்டி, எலுமிச்சம்புல் எண்ணெய் தடவிப் பக்குவப்படுத்துவதெல்லாம் கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்கிற வேலை. எல்லாரும் சங்கப் பாட்டு இருக்கும் என்ற ஆசையோடுதான் கொண்டுவருகிறார்கள். வைத்தியமோ ஜோதிடமோ நிலக் கணக்கோ இருந்தால் முகம் வாடிப்போகிறது. எனக்கென்னவோ நிலக் கணக்கு என்றால் இரட்டிப்புச் சந்தோஷம். எந்த ஏரிக்குக் கீழே யார் பயிர் செய்தார்கள் என்று வேறு எதில் தெரியும்?

கேள்வி: அஸ்திவாரம் தோண்டும்போது முதுமக்கள் தாழி (அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பெரிய மண்பானை) கிடைத்தால் நேரே காட்சியறைக்குக் கொண்டுவரலாமா?
– பெயர் வேண்டாம், திருநீர்மலை

பதில்: கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தோண்டுவதை நிறுத்திவிட்டு, கிடைத்தது கிடைத்த இடத்தில் இருக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். பெயர் வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தாழி ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

கேள்வி: கல்லூரிப் பிள்ளைகள் சான்றிதழுக்காக வருகிறார்கள், மொபைலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: காவலுக்கு உட்காரவைத்தால் யாரும் மொபைலைத்தான் பார்ப்பார்கள், நானும் பார்ப்பேன். பழைய பள்ளி குரூப் போட்டோ ஒன்றை எடுங்கள். மேலே டிரேசிங் பேப்பரை வைத்துத் தலைகளை மட்டும் கோடு போட்டு எண் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்தத் தாளோடு ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். “ஏழாம் நம்பர் யாரு தாத்தா?” என்று ஆரம்பித்தால் போதும், அவர் நிறுத்தமாட்டார். அதே மொபைலில் ரெக்கார்டும் செய்துகொள்ளட்டும். போட்டோவின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதுவது மட்டும் கூடாது. பென்சில், அதுவும் ஓரத்தில், அழுத்தாமல்.

கேள்வி: எழும்பூர் மியூசியத்தில் உங்களுக்குப் பிடித்தது எது? நடராஜர்தானே?
– வாசகி, அயனாவரம்

பதில்: திருவாலங்காட்டு நடராஜரைப் பிடிக்காதவர் உண்டா? ஆனால் பேரப்பிள்ளைகளோடு போனால் முதலில் திமிங்கல எலும்புக்கூட்டுக்குத்தான் போவேன். 1874-இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கியது. வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று விடுமுறை.