கேட்டதைத் தருபவர் மட்டும்தானா புனிதர்?

கேள்வி: குளச்சல் அருகே கடலோரப் பங்கு ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி கற்பிக்கிறேன். புனிதர் என்றால் கேட்டதைத் தருபவர் என்றே பிள்ளைகள் சொல்கிறார்கள். திருவருகைக் காலம் (கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரங்கள்), தவக்காலம் (உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்புக் காலம்) எல்லாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பெயர்களாக நின்றுவிடுகின்றன. புனித தேவசகாயம் பட்ட வதைகளைச் சொன்னபோது ஒரு சிறுமி அழுதுவிட்டாள். அவளுடைய தாய் வந்து வருத்தப்பட்டார். நான் எப்படிக் கற்பிக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளைகளைக் குறை சொல்ல இடமில்லை. காய்ச்சல் வரும்போதும் பொருள் தொலையும்போதும்தான் நம் வீடுகளில் புனிதர்களின் பெயர் அடிபடுகிறது. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்குப் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் நாம், அவர் யார் என்று வழியில் சொல்வதில்லை. புனிதர்களின் பரிந்துரையை நாடுவது திருச்சபையின் நம்பிக்கை என்பதால் அதை வகுப்பில் மறுக்க வேண்டாம். ஆனால் அந்த மனிதர் எதைத் தேர்ந்துகொண்டார், அதற்காக எதை இழந்தார் என்பது முதலில் வரட்டும்.

புனிதர் ஒரு பாடமாகவும், திருவருகை, தவம் போன்ற திருவழிபாட்டுக் காலம் வேறொரு பாடமாகவும் பிரிந்து நிற்பதே உங்கள் இடர்ப்பாட்டுக்குக் காரணம் என்று எண்ணுகிறேன். பாடநூலின் வரிசையைச் சற்றுத் தள்ளிவைத்து, அந்தந்தப் புனிதரை அவருடைய நாளையொட்டியே கற்பியுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் முடிகிறது. திருவருகைக் காலமோ நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடைப்பட்ட ஞாயிறன்று தொடங்குகிறது. திருவிழாத் திருப்பலியில் வெள்ளை உடுத்திய குருவானவர் அடுத்த ஞாயிறு ஊதா உடுத்தி வருவதைப் பிள்ளைகளே கவனித்துச் சொல்லட்டும். காத்திருக்கும் காலம் ஏன் என்ற கேள்வி அப்போது அவர்களிடமிருந்தே பிறக்கும். வாரந்தோறும் கண்ட நிறத்தைக் குறிப்பேட்டில் ஒரு கட்டமாகத் தீட்டச் சொன்னால், ஆண்டின் பெரும்பகுதி பச்சையாகிய பொதுக்காலம் என்பதும் தானே விளங்கும். (நட்சத்திரமும் குடிலும் நவம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிடுகிற நாளில் காத்திருப்பைக் கற்பிப்பது எளிதன்று என்பதை அறிவேன்.)

கோவாவில் வைக்கப்பட்டிருக்கும் சவேரியாரின் அழியாத உடலைப் பற்றி மட்டும் பேசி நிறுத்திவிடாதீர்கள். மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே மனப்பாடம் செய்து, கையில் மணியடித்தபடி தெருத்தெருவாகச் சென்று அவர் திரட்டியது சிறுவர்களைத்தான். கற்றதை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பிவைத்தார். 1544-இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அது உங்கள் பிள்ளைகளின் முன்னோர் வாழ்ந்த கரை என்பதைச் சொல்லுங்கள்.

தேவசகாயத்தின் கதையையும் வதையிலிருந்து தொடங்க வேண்டாம். குளச்சல் கடற்கரையிலிருந்தே தொடங்கலாம். 1741-இல் அங்கு நடந்த போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவரான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய்தான், இழப்புகளால் மனம் தளர்ந்திருந்த நட்டாலத்து நீலகண்டனுக்கு, துன்பத்திலும் கடவுளைக் கைவிடாத விவிலியத்து யோபுவின் கதையைச் சொன்னவர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆன நீலகண்டன் குருவோ துறவியோ அல்லர். மனைவியும் அரண்மனை உத்தியோகமும் உள்ள குடும்பத்தவர். சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். 'சேர்ந்து உண்ணக் கூடாது என்று சொல்லப்பட்டவரோடு நீ சேர்ந்து உண்பாயா?' என்று கேட்டுப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தத் துணிவு நன்றாகவே புரியும்.

அதன்பின் அவர் பட்ட சிறை, எருமைமேல் ஊர்வலம், 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு ஆகியவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஓரிரு வாக்கியங்களில் உண்மையைச் சொல்லிவிட்டு நகருங்கள். காயங்களை எண்ணிக் காட்டுவதால் பக்தி வளர்வதில்லை என்பதால், அந்தத் தாயின் வருத்தத்தில் நியாயம் உண்டு என்றே சொல்வேன். தாகத்தில் அவர் முழங்கையால் இடித்தபோது புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறையில் நீர் சுரந்த செய்தியை மக்கள் மரபாகச் சொல்லுங்கள். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை வரலாறாகச் சொல்லுங்கள். கோட்டாறு பேராலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. பங்குத்தந்தையின் ஒப்புதலோடு, பெற்றோரையும் சேர்த்து ஒருநாள் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். அவருடைய விழா பொங்கலையொட்டி வருவதால் அதற்கு முந்தைய ஞாயிறே கதையை முடித்துவிடுங்கள். பொங்கலன்று வகுப்புக்கு யாரும் வரமாட்டார்கள்.

தவக்காலத்துக்குச் சொற்பொழிவே தேவையில்லை. சென்ற ஆண்டுக் குருத்தோலை பல வீடுகளில் சுவர்ப்படத்தின் பின்னால் செருகியிருக்கும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறு அதைக் கொண்டுவரச் சொல்லி, அன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்காக எரிப்பதைப் பிள்ளைகளை அருகிருந்து பார்க்கவிடுங்கள்.