ஓடும்போது இதயத் துடிப்பு ஒன்று தவறுவதுபோல இருந்தால் பயப்பட வேண்டுமா?

ஓடும்போது "துடிப்பு ஒன்று விட்டுப்போய், அடுத்தது நெஞ்சில் ஓங்கித் தட்டுவது" போல இருந்தால், அது பெரும்பாலும் முந்திக்கொண்டு வரும் கூடுதல் துடிப்புதான். அதன்பின் வரும் சிறு இடைவெளியில் இதயத்தில் ரத்தம் அதிகம் நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாகத் தெரிகிறது. தூக்கக் குறைவு, அதிகக் காபி, நீர்ச்சத்து குறைவது எல்லாம் இதைத் தூண்டலாம்.

நான் முக்கியமாகக் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான்: ஓட்டத்தின் வேகம் கூடும்போது அது மறைகிறதா, அதிகமாகிறதா? அதிகமானால் ஓட்டத்தை நிறுத்திவைத்து இதய மருத்துவரிடம் போங்கள். இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), தேவைப்பட்டால் டிரெட்மில் சோதனையும் செய்வார்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், துடிப்பு சரியாகிவிட்டாலும் கட்டாயம் போய்க் காட்டுங்கள், தயவுசெய்து அந்த விவரத்தையும் சொல்லுங்கள். ஓடும்போதே மயங்கி விழுந்தாலோ, நெஞ்சுவலி ஓய்வெடுத்தும் அடங்காவிட்டாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கையிலிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் என்ன காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.