மகள் அனல்மின் நிலையப் பக்கம் போகிறேன் என்கிறாளா? பயப்படாமல் படியுங்கள் சார்

சார், உங்கள் மகள் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு அனல்மின் நிலையத்துப் புகையைக் கட்டுப்படுத்தும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். நீங்களோ, எல்லாரும் சோலாருக்கு மாறினால் இவள் கதி என்ன என்று கேட்கிறீர்கள். பழைய எண்ணூர் நிலையத்தை 2017-இல் மூடினார்கள், சரி. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே, வடசென்னையில், 800 மெகாவாட் புது யூனிட்டை 2024-இல் தொடங்கி வைத்தார்கள். நிலக்கரி அவ்வளவு சீக்கிரம் போய்விடாது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். இந்தத் துறையில் வேலை, அரசு போடும் விதியைப் பொறுத்து ஏறும், இறங்கும். 2015 டிசம்பரில் மத்திய அரசு கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் ஆகியவற்றுக்கு வரம்பு வைத்து, இரண்டு வருஷம் கெடு கொடுத்தது. கந்தகத்தைப் பிடிக்க எஃப்ஜிடி என்ற கருவி வேண்டும். புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவினால் கந்தகம் ஜிப்சமாகி வெளியே வந்துவிடும். கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கந்தக வரம்பிலிருந்தே விலக்கு கொடுத்துவிட்டார்கள். இது அநியாயம் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அந்த வாயு காற்றில் சல்பேட் நுண்துகளாக மாறி வெகுதூரம் போய் யார் யார் நுரையீரலிலோ இறங்குகிறது. வேலை தேடுகிறவர் பக்கம் பார்த்தாலும், எஃப்ஜிடியை மட்டும் நம்பியவருக்கு இப்போது வாய்ப்பு சுருங்கிவிட்டது.

அதனால் ஒரு கருவியை நம்பாமல், அளவெடுக்கும் வேலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரம்பு தளர்ந்தாலும் புகைபோக்கியில் ஆன்லைன் மீட்டர் ஓடியாக வேண்டும், அந்த அளவு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போயாக வேண்டும், மீட்டர் காட்டுவது சரிதானா என்று யாராவது புகைபோக்கி மேடையில் ஏறி மாதிரி எடுத்துப் பார்த்தாக வேண்டும். புகை எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் மாதிரியை உறிஞ்ச வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் தூசிக் கணக்கு தப்பாகிவிடும். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தால் சிமென்ட், உரம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்று எங்கும் போகலாம்.

மின்சாரத்தால் தூசியைப் பிடிக்கும் கருவியான இஎஸ்பியையும் நன்றாகப் படிக்கட்டும். நம் நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை இருக்கிறது, அதனால் இஎஸ்பி இல்லாத நிலக்கரி நிலையம் இங்கே அபூர்வம். ராணிப்பேட்டை பெல் ஆலையிலேயே அதைத் தயாரிக்கிறார்கள்.

படிப்புக்கு கெமிக்கலே போதும், பி.இ.யிலேயே சுற்றுச்சூழல் என்று பெயர் இருக்க வேண்டியதில்லை. அப்புறம் எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வு எழுதட்டும், 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்குத் தனித் தாளே இருக்கிறது. ஆரம்பச் சம்பளத்தை ஐடியோடு ஒப்பிடாதீர்கள், உங்களுக்கு வருத்தம்தான் மிஞ்சும்.

இரண்டாம் வருஷ லீவில் நெய்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ இன்பிளான்ட் டிரெயினிங் கேட்டு, கல்லூரி மூலமாகக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஏசி கன்ட்ரோல் ரூமோடு திரும்பாமல், இஎஸ்பிக்கு அடியில் சாம்பல் கொட்டும் இடத்தையும் அந்தச் சூட்டையும் பார்த்துவிட்டு வந்த பிறகும் இதே வேலைதான் வேண்டும் என்றால், தயவுசெய்து தடுக்காதீர்கள்.